சீர்ச் சாமானில் ஒரு துருக்கல்

மீனாள் ஆச்சி பெற்றது ஒன்றே ஒன்று. அதுவும் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதது. ஊரில் மற்ற பெண்பிள்ளைகள் பி.காம். படித்தார்கள், கம்ப்யூட்டர் படித்தார்கள், ஒன்றுமே படிக்காமல் டி.வி. பார்த்துக்கொண்டு சமர்த்தாக இருந்தார்கள். விசாலி மட்டும் திருச்சிக்குப் போய் நிலவியல் படித்தாள். சரி, எம்.எஸ்ஸி.யோடு ஒழியும் என்று பார்த்தால், ஆராய்ச்சி என்று அதற்கு மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். லீவுக்கு வரும் பிள்ளைகளின் பையில் அழுக்குத் துணி இருக்கும். இவள் பையில் கல் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் பையைத் தூக்கிய ரிக்‌ஷாக்காரர், "என்ன ஆத்தா, மலையைப் பேத்துக்கிட்டு வாரீகளா?" என்று கேட்டது காரைக்குடி முழுக்கச் சுற்றிக் கடைசியில் மீனாளின் காதுக்கும் வந்து சேர்ந்தது.

அந்த விசாலிக்குத்தான் வருகிற வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை ஹரீஷ். பூர்வீகம் அரியக்குடி, வேலை கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை. கடிக்கிற வேலையை அவன் ஆத்தா உமையாள் ஆச்சி பார்த்துக்கொள்வாள் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு சும்மா வந்ததல்ல என்று நிச்சயத்தன்றே தெரிந்துபோனது. வெற்றிலை பாக்கு மாற்றி, எல்லாரும் வாய் இனித்து உட்கார்ந்திருந்த நேரத்தில் உமையாள் ஒன்று சொன்னாள்.

"பொண்ணு படிச்சது போதும் ஆச்சி. இனிமே எதுக்குக் கல்லும் மண்ணும்? அதையெல்லாம் இங்குட்டே போட்டுட்டு வரட்டும்."

வீட்டின் நடு முற்றமான வளவில் இருந்த அத்தனை தலையும் ஆடின. மீனாளின் தலையும் ஆடியது. சம்பந்தி பேசும்போது ஆடாமல் இருக்க அது என்ன கல்லில் செய்த தலையா? ஆனால் பக்கத்து அறையில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருந்த விசாலியின் காதிலும் அது விழுந்தது. அவளுடைய ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது.

அவர்கள் போன பிறகு விசாலி அழவில்லை. எதையும் தூக்கிப் போட்டு உடைக்கவில்லை. மீனாளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஆத்தா, எனக்கு மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு," என்றாள் விசாலி. "கல்யாணமும் வேணும், படிப்பும் வேணும். படிப்பை மறைச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, பிறகு அங்க போயி மல்லுக்கு நிக்க என்னால ஆகாது. சாமான் பரப்புறப்ப என் கல்லுப் பெட்டியையும் பரப்பி வையி. அவுக பார்க்கட்டும். என்னன்னு கேட்டா உள்ளதைச் சொல்லு. வேண்டாம்னா அப்பவே சொல்லிரட்டும், நான் மணையில உக்காராம இருந்துக்கிறேன்."

"நீயே சொல்லேன்டீ."

"நான் சொன்னா வாய்த்துடுக்குன்னு ஆயிரும். நீ சொன்னா சம்பந்தி சொன்னதா இருக்கும்."

மீனாள் சரி என்றாள். வேறு என்ன சொல்வது? பெண் மணையில் உட்கார மாட்டேன் என்றால் சாமானுக்கு மட்டுமா கல்யாணம் நடத்த முடியும்? கணவர் தண்டாயுதபாணியிடம் போய்ச் சொன்னாள். அவர் பந்தல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "உன் மகதானே, நீயே பாரு," என்று சொல்லிவிட்டார். நல்லது நடந்தால் என் மகள், வம்பு வந்தால் உன் மகள். அந்த வீட்டில் அதுதான் சட்டம்.

பெட்டி என்றால் பெரிய பெட்டி இல்லை. ஆப்பிள் வரும் மரப்பெட்டி. அதற்குள் மூன்றே மூன்று கல். ஒன்று பெல்லாரிப் பக்கத்து மலையில் எடுத்தது. முழுத் தேங்காய் அளவு இருக்கும், பார்த்தால் கிணற்றடியில் பத்து வருஷம் கிடந்த இரும்புத் துண்டு மாதிரி துருவேறிப் போயிருக்கும். இன்னொன்று கடப்பைக் கல். அடுப்படியில் பதிக்கிற அதே கடப்பைதான், ஆனால் இதன் பக்கவாட்டில் முட்டைக்கோஸைக் குறுக்கே நறுக்கினாற்போல் வளைவு வளைவாகக் கோடு ஓடும். மற்றது சிங்கரேணிச் சுரங்கத்தில் எடுத்த கரிக்கட்டி. விசாலிக்கு இவை மூன்றும் உயிர். மீனாளுக்கு இவை மூன்றும் வயிற்றில் நெருப்பு.

நகரத்தார் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானை மூடி மறைத்துக் கொடுப்பதில்லை. வளவில் பாய் விரித்து, வெள்ளியிலிருந்து விளக்குமாறு வரைக்கும் பரப்பிவிடுவார்கள். பித்தளை அண்டாக்கள் தாத்தா முதல் பேரன் வரை வரிசை கட்டி நிற்கும். மங்குச் சட்டி, எவர்சில்வர் தூக்கு, மரவை, பின்னிய ஓலைக் கொட்டான் என்று கால் வைக்க இடம் இருக்காது. அதற்கு நடுவில் இந்தத் துருப்பிடித்த கல்லை வைத்தால் உமையாள் ஆச்சி என்ன நினைப்பாள்? பெண் வீட்டார் கேலி செய்கிறார்கள் என்றுதானே நினைப்பாள்? பரப்பியதில் இது வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இங்கே விசாலி எழுந்து போய்விடுவாள். வாழைமரம் கட்டி, பத்திரிகை கொடுத்து, சமையல்காரர் வந்து இறங்கிய பிறகு.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை சாமானைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று உமையாள் சொல்லியனுப்பியிருந்தாள். அன்று காலையில் மீனாள் ஒரு காரியம் செய்தாள். ஆப்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வளவுக்குப் போகாமல், பின்பக்கம் ரெண்டாங்கட்டுக்குப் போனாள். தேய்ப்பதற்காகக் குவித்திருந்த பாத்திரங்களுக்குப் பின்னால் அதைத் தள்ளிவிட்டாள். கல்யாண வேலையில் மறந்தே போச்சு ஆத்தா என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். கல்யாண வீட்டில் மறதிக்கு யாரும் தண்டனை கொடுப்பதில்லை.

நல்ல யோசனைதான். ஆனால் அந்த யோசனையில் சோணையம்மாளை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

சோணையம்மாள் சாக்கோட்டைக்காரி. மீனாளின் கல்யாணச் சாமானைத் தேய்த்த கை அவளுடையது. புளியும் செங்கல் பொடியும் இருந்தால் சாமி சிலையையே சிரிக்க வைப்பாள் என்று சொல்வார்கள். கல்யாணச் சாமானில் ஒரு பொட்டுத் துரு இருந்தாலும் குடித்தனத்துக்கு ஆகாது என்பது அவளுடைய தீர்மானம். தன் கண்ணெதிரே கிடக்கும் எதையும் அவள் தேய்க்காமல் விட்டதில்லை.

மூன்று மணிக்கு வெள்ளை மாருதி கார் வந்து நின்றது. உமையாள் ஆச்சி இறங்கினாள், கூடவே அவள் கணவரின் தங்கை, கொழுந்தியாளும் இறங்கினாள். மீனாள் வாசலுக்கு ஓடிப்போய், "வாங்க ஆச்சி, வாங்க, வெயில்ல வந்திருக்கீக," என்று அழைத்துக்கொண்டு வந்தாள். விசாலி வளவை ஒட்டிய அறையில் இருந்தாள். கையிலும் காலிலும் மருதாணி அப்பி உட்கார வைத்திருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது.

உமையாள் சாமானைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், ஒரு தூக்குச் சட்டியின் மூடியைத் திறந்து அதற்குள்ளும் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கொழுந்தியாள்தான் "அடேயப்பா, கொட்டான் எம்புட்டு நேர்த்தி," என்று நிமிஷத்துக்கு ஒன்று சொல்லிக்கொண்டு வந்தாள். காப்பி வந்தது. ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, காப்பி டிரம்மைச் சூட்டோடு தரையில் வைக்காமல் ஒரு கல் பலகை மேல் வைத்துவிட்டுப் போனாள் பரிமாறிய பெண். உமையாள் ஒரு வாய் குடித்தாள். தலையை லேசாக ஆட்டினாள். மீனாளுக்கு மூச்சு வந்தது. பத்து நிமிஷம் இப்படியே ஓடிவிட்டால் போதும், குன்றக்குடி முருகனுக்கு ஒரு பாலபிஷேகம் என்று மனசுக்குள் நேர்ந்துகொண்டாள்.

அப்போதுதான் ரெண்டாங்கட்டுப் பக்கமிருந்து சோணையம்மாள் வந்தாள். இரண்டு கையாலும் எதையோ குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தாள். நேரே பாய்க்குப் போய், வெள்ளிக் குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் இருந்த இடத்தில் அதை இறக்கி வைத்தாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள்.

"நானும் எம்புட்டோ தேய்ச்சுப் பார்த்துட்டேன் ஆச்சி. புளி போட்டேன், பொடி போட்டேன், சாம்பல் போட்டேன். இந்தத் துரு மட்டும் போவேனாங்குது. பிறகு நல்லெண்ணெய் தடவி விட்டேன். இப்பப் பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். மீனாளும் பார்த்தாள். இத்தனை வருஷமாக அழுக்குப் பிடித்த இரும்பு என்று அவள் நினைத்த கல்லில், கோடு கோடாக நிறம் எழும்பி நின்றது. ஒரு கோடு குங்குமச் சிவப்பு, அதன்மேல் ஒரு கோடு வெள்ளி மாதிரி சாம்பல், அதன்மேல் மறுபடி சிவப்பு. அகலமாக ஒன்று, நூல் மாதிரி ஒன்று. நெய்த சேலையின் கரை மாதிரி இருந்தது.

உமையாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இது என்ன ஆச்சி?"

மீனாள் வாயைத் திறந்தாள். ஊறுகாய் ஜாடிக்குப் பாரம் வைக்கிற கல் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நல்ல உருப்படியான பொய். அந்த நேரம் பார்த்துத்தான் கதவு இடுக்கில் இரண்டு பாதம் தெரிந்தது. மருதாணி அப்பிய பாதம். தரையில் ஒட்டிவிடாமல் குதிகாலில் நின்றுகொண்டிருந்தது. குழந்தையாக இருந்தபோது தப்புச் செய்துவிட்டு, அப்பச்சி வைவாரா மாட்டாரா என்று கதவோரம் நிற்குமே, அதே நிற்பு.  பொய் தொண்டைக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது.

"இது எம் மகளோட கல்லு ஆச்சி," என்றாள். "இதைத்தான் அவ படிக்கிறா. இன்னும் ஒரு வருசம் இருக்கு. கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கணும்ங்கிறா. அதை உங்ககிட்ட மறைக்காம சொல்லச் சொன்னா. சொல்லிட்டேன்."

 கொழுந்தியாளின் கை கொட்டான் மேல் அப்படியே நின்றது.

"துருப்பிடிச்ச கல்லுல படிக்கிறதுக்கு என்ன ஆச்சி இருக்கு?" என்றாள் உமையாள். கோபமாகக் கேட்டாளா, தெரிந்துகொள்ளக் கேட்டாளா என்று அந்த முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"துருவைத்தான் ஆச்சி படிக்கிறா."

சொல்லிவிட்டு மீனாளே திகைத்துப்போனாள். இந்தப் பதில் எங்கிருந்து வந்தது? அடுத்தது தானாக வந்தது. நூல் பிடித்து இழுத்த மாதிரி வந்தது. அண்டாக்களுக்கு நடுவில் பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆதியில நம்ம மூச்சு விடுற காத்து இந்த உலகத்துல கிடையாது ஆச்சி. காத்து இருந்துச்சு, ஆனா நம்ம காத்து இல்லை. பாழுங்கிணத்துல ஆள் இறங்குறதுக்கு முன்னால விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பாகள்ல? விளக்கு அணைஞ்சு போனா யாரும் இறங்க மாட்டாக. அப்ப பூமி முழுக்க அந்தக் கிணறு மாதிரிதான் கிடந்துச்சு. விளக்கு ஏத்த முடியாது."

"அப்புறம்?" என்றாள் கொழுந்தியாள். அவளுக்கு எந்தக் கதையாக இருந்தாலும் சரி.

"எரிமலையா வெடிச்சுக் கக்கின புகையும் ஆவியும்தான் வானம் பூரா. அந்த ஆவி குளுந்து மழையாப் பேஞ்சுச்சு. நம்ம ஊரு மழையா அது? விடாம யுகக்கணக்காப் பேஞ்ச மழை. அதுதான் கடல். அந்தக் கடல் தண்ணி முழுக்க இரும்பு கரைஞ்சு கிடந்துச்சு. பிறகு பாசி வந்துச்சு. நம்ம ஊருணிப் படியில வழுக்குமே, அது வகை. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. அது வெயிலைக் குடிச்சிட்டு மூச்சு விட்டுச்சு பாருங்க, அந்த மூச்சுதான் நம்ம காத்து."

"பாசி விட்ட மூச்சையா நம்ம இழுக்குறோம்?"

"ஆமா. இல்லாட்டி நீங்களும் இல்லை, நானும் இல்லை, இந்தக் கல்யாணமும் இல்லை."

உமையாள் கல்லைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "பாசி மூச்சு விட்டுச்சு, சரி. துரு எங்குட்டு இருந்து வந்துச்சு?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. மீனாளுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அங்கதான் ஆச்சி இருக்கு விசயம். அந்தக் காத்து நேரா வானத்துக்குப் போயிரலை. போக விட்டாத்தானே? பந்தியில முத இலையில உக்காந்த ஆளு, வர்ற சோத்தையெல்லாம் தன் இலைக்கே வாங்கிக்கிட்டா அடுத்த இலைக்கு எப்படிப் போகும்? கடல்ல கிடந்த இரும்பு அப்படித்தான் வந்த காத்தை எல்லாம் வாங்கித் தின்னுச்சு. தின்னு தின்னு துருவாகி, கடலுக்கு அடியில படிவு படிவா இறங்குச்சு. கோடி கோடி வருசம். இரும்போட பசி அடங்கின பிறகுதான் மிச்சக் காத்து கடலை விட்டு மேல ஏறுச்சு. அந்தத் துருதான் இந்தச் செவப்புக் கோடு. உலகத்துல முத முதல்ல வந்த காத்து இந்தக் கல்லுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு ஆச்சி."

"இதுக்கு என்ன வயசு?"

மீனாள் விழித்தாள். "இருநூத்து... இருநூறு கோடின்னு வையுங்களேன்..."

"இருநூத்தம்பது கோடி வருசத்துக்கு மேல ஆத்தா," என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. 

சோணையம்மாள் வாயில் கை வைத்தாள். "அடி ஆத்தி, அம்புட்டு வருசத்துத் துருவையா நான் புளியைப் போட்டுத் தேய்ச்சேன்? அதான் போகலை."

கொழுந்தியாள் சிரித்துவிட்டாள். உமையாள் சிரிக்கவில்லை. ஆனால் நகர்ந்து வந்து, பாயின் ஓரத்தில் மீனாளுக்கு எதிரே உட்கார்ந்தாள். பட்டுச் சேலை கசங்கும் என்றுகூடப் பார்க்கவில்லை. "காத்து மேல வந்துச்சு. எல்லாம் சந்தோசமா இருந்துச்சாக்கும்," என்றாள்.

"எங்க? அதுக்கு முன்னால குடியிருந்த கிருமிகளுக்கு இந்தக் காத்து விசம். பாதி செத்துப்போச்சு. மிச்சம் காத்து படாத சேத்துக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்கிச்சு. ஒருத்தருக்கு மருந்து, ஒருத்தருக்கு விசம். பூமியே ஒரு தடவை குளுந்துபோயி ஐஸாக் கிடந்துச்சாம். அப்படி இப்படின்னு எல்லாம் ஆகித்தான்..." மீனாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "கடப்பைக் கல்லு ஒண்ணு இருந்துச்சே, அதுலதான் அந்தப் பாசி குடியிருந்த வீடு தெரியும். சோணை, அது எங்க?"

சோணையம்மாள் காப்பி டிரம்மைக் காட்டினாள். பாசி குடியிருந்த வீட்டின் மேல் டிரம்மு ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது.

மீனாள் டிரம்மை எடுத்து ஓரமாக வைத்தாள். கல்லைத் தூக்கிப் பக்கவாட்டைக் காட்டினாள். கொழுந்தியாள் அந்த வளைவுகளை விரலால் தடவி, "முட்டைக்கோஸேதான்," என்றாள். இப்படி ஒரு கல்தான் தன் வீட்டு அடுப்படியில் இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று போன உடனே பார்க்க வேண்டும் என்று சொன்னாள்.

"பிறகு ரொம்ப நாள் கழிச்சுத் தரையில காடு வந்துச்சு," என்று மீனாள் தொடர்ந்தாள். இப்போது அவளை நிறுத்த யாராலும் முடியாது. "மரமா வளர்ந்து காத்து கூடிப்போச்சு. இப்ப இருக்கிறதைவிட அப்ப அதிகமாம். காத்து கூடினதாலயோ என்னமோ, பருந்து அகலத்துக்குத் தட்டான் பறந்துச்சாம் ஆச்சி."

"தட்டானா? பருந்து அகலமா? மேல வந்து உக்காந்தா என்ன செய்யிறது?"

"அப்ப நம்ம இல்லை. பயப்படாதீக. அந்தக் காடெல்லாம் மண்ணுக்குள்ள அமுங்கிக் கரியாப் போச்சு. அந்தக் கரியும் ஒண்ணு வச்சிருக்கா. சோணை, பெட்டியில கரிக்கட்டி இருந்துச்சே?"

சோணையம்மாள் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். முந்தானையைத் திருகினாள்.

"சோணை."

"அதை... அடுப்புல போட்டுட்டேன் ஆச்சி. விறகு ஈரமா இருந்துச்சு. சம்பந்தி வந்துட்டாக, காப்பித் தண்ணி கொதிக்கலை. பெட்டியில கரி சும்மாதானே கிடக்குன்னு... ஆனா ஒண்ணு சொல்லணும், நின்னு எரிஞ்சுச்சு."

 அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. விம்முகிற சத்தம். போச்சு, எல்லாம் போச்சு, உயிராக வைத்திருந்ததைக் கொளுத்திவிட்டோம், இனி எந்த மணை, எந்தத் தாலி என்று மீனாள் எழுந்து அறைக்கு ஓடினாள். அதற்குள் கதவு திறந்தது.

விசாலி சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, துடைக்கவும் முடியாமல் இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, குதிகாலில் வாத்து மாதிரி நடந்து வளவுக்கு வந்தாள். கல்யாணப் பெண் மருதாணிக் கையோடு மாமியார் முன்னால் இப்படி வந்து நிற்பது எந்த ஊர் வழக்கத்திலும் இல்லை. அவள் அதை யோசிக்கிற நிலையில் இல்லை.

"இருபத்தெட்டு கோடி வருசம் மண்ணுக்குள்ள பத்திரமா இருந்துச்சு ஆத்தா. நம்ம வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்துல புகையாப் போயிருச்சு. அந்தக் காலத்து மரம் வானத்துல இருந்து இழுத்து வச்சதை, சோணையம்மா மறுபடி வானத்துக்கே விட்டுட்டாக." அவளுக்கு மூச்சு வாங்கியது. உமையாள் பக்கம் திரும்பினாள். "அயித்தை, நீங்க குடிச்ச காப்பி அந்தக் காட்டுல கொதிச்சதுதான்."

உமையாள் தன் டம்ளரைப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் காப்பி மிச்சம் இருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "அதான் காப்பி ஒரு மாதிரி திடமா இருந்துச்சா?" என்றாள். சொல்லும்போதே உதடு கோணியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். உமையாள் ஆச்சி இப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கொழுந்தியாளே பயந்துபோய் அவள் முதுகைத் தடவினாள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு, உமையாள் அந்த வளவு நிறையப் பரப்பிய சாமானைப் பார்த்தாள்.

"எனக்கும் இப்படித்தான் பரப்புனாக," என்றாள். "இதைவிட ரெண்டு அண்டா கூட. முப்பது வருசம் ஆச்சு. அரியக்குடி வீட்டுல எங்க அறையில பூட்டி வச்சிருக்கு. அதுல பாதியை நான் இன்னும் ஒரு தடவைகூட வெளிய எடுத்ததில்லை. என்ன இருக்குன்னே மறந்துபோச்சு." மீனாளைப் பார்த்தாள். "நம்ம சனத்துக்குப் பொருள் கிடைச்சா பூட்டத்தான் தெரியும் ஆச்சி. ஹரீசு வந்து எங்கிட்ட மென்னு முழுங்கினான், அந்தப் புள்ளை படிக்கட்டுமே ஆத்தான்னு. நான்தான் போடான்னேன். இவ படிச்ச படிப்பையும் கொண்டுபோயி அந்த அறையில அண்டாவோட அண்டாவா அடுக்கப் பார்த்தேன். நல்லவேளை, அதுக்குள்ள இந்தக் கல்லைக் கொண்டாந்து வச்சீக."

 தான் கொண்டுவந்து வைக்கவில்லை, ஒளித்துத்தான் வைத்தோம் என்று சொல்லலாமா என்று மீனாள் யோசித்தாள். வேண்டாம் என்று விட்டுவிட்டாள். எல்லா உண்மையையும் ஒரே நாளில் செலவழிக்க வேண்டுமா என்ன.

"படிச்சு முடி," என்றாள் உமையாள் விசாலியிடம். "திருச்சி என்ன, தூர தேசமா? வாரம் ஒருக்கா வந்து போ. சோறு வடிக்க எனக்கும் கை இருக்கு, அவனுக்கும் கை இருக்கு. கரிக்கட்டிக்கு ஹரீசைச் சுரங்கத்துக்கே அனுப்புறேன், எடுத்துட்டு வரட்டும். ஆனா ஒண்ணு. இந்தக் கதையை எனக்கு உங்க ஆத்தாதான் வந்து சொல்லணும். நீ சொன்னா கோடிக்கணக்காச் சொல்லுவ, எனக்கு விளங்காது."

வளவில் இருந்த தலைகளெல்லாம் ஆடின. மீனாளின் தலையும் ஆடியது, இந்தத் தடவை மனசோடு சேர்ந்து.

புறப்படும்போது உமையாள் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். பாயில் இருந்த துருக்கல்லைக் குனிந்து எடுத்தாள். கனத்துக்கு ஒரு நிமிஷம் தடுமாறினாள். மீனாள் பிடிக்கப் போனாள், வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"மத்த சாமானெல்லாம் கல்யாணம் முடிஞ்சு லாரியில வரட்டும் ஆச்சி. இதை நான் கையோட கொண்டுபோறேன். கோயம்புத்தூர்ல கூடத்துல வைக்கணும். வர்றவுக போறவுக எல்லாம் கேக்கணும், இது என்னன்னு. எம் மருமக படிக்கிற கல்லுன்னு சொல்லணும்."

மாருதி கார் போனது. பின் சீட்டில் உமையாளின் மடியில் கல் இருந்தது. தெரு திரும்பும் வரை மீனாள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்தாள்.

விசாலி அண்டாக்களுக்கு நடுவில், கையை விரித்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

"இதெல்லாம் நீ எப்ப ஆத்தா கேட்ட? லீவுக்கு வர்றப்பெல்லாம் நான்பாட்டுக்குச் சொல்லுவேன், நீ முறுக்குப் பிழிஞ்சுக்கிட்டு உம் உம்ங்குவ. நீ கேக்கலைன்னுல நினைச்சேன்."

"முறுக்குப் பிழியிறது கைதானே. காது சும்மாதானே இருந்துச்சு," என்றாள் மீனாள். "பந்தியில முத இலை, அது மட்டும் நானா சேத்தது."

விசாலி பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். மருதாணி அப்பிய இரண்டு கையும் மீனாளின் முதுகில், புது வெங்காய நிறப் பட்டுச் சேலையில் அழுந்தப் பதிந்தன. சமயம் பார்த்து ரெண்டாங்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த சோணையம்மாள் அடிவயிற்றிலிருந்து அலறினாள்.

"ஐயோ ஆச்சி, சேலை. கழட்டிக் குடுங்க, காயுறதுக்குள்ள தேய்ச்சாத்தான் போகும். காத்துப் பட்டுக் காஞ்சா செவந்துரும், பிறகு புளி போட்டாலும் போகாது."

மீனாள் மகளை விடவில்லை.

"செவக்கட்டும் சோணை," என்றாள். "இதை மட்டும் தேய்ச்சிராத."